மெல்டே நூலும் புளியமரத்து ஊஞ்சலும்

வணக்கம் ஐயா,

கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மெல்டே பரிசோதனைக்கு (நூலின் ஒரு முனையை இசைக்கவையில் கட்டி, மறுமுனையில் எடைத்தட்டைத் தொங்கவிட்டு, நூல் அதிர்வதை வைத்துக் கவையின் அதிர்வெண்ணைக் காண்பது) 64 ஹெர்ட்ஸ் இசைக்கவை. கவை நூலுக்குக் குறுக்காக அதிரும் குறுக்கு நிலையில் அதிர்வெண் 58 வந்தது. கவையைத் திருப்பி நெட்டு நிலையில் வைத்து அதே சூத்திரத்தைப் போட்டால் 29. "நெட்டு நிலைக்கு இரண்டால் பெருக்கணும்" என்கிறார்கள். ஏன் இரண்டு? மேலும், இழுவிசையை லூப் (அதிரும் நூலில் அசையாத இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட துண்டு) நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மாறிலி வர வேண்டும். எனக்கு எடை கூடக்கூட அது ஏறிக்கொண்டே போகிறது.

*

அன்புள்ள மாணவருக்கு,

பாதியாக வந்தது தப்பே இல்லை. சூத்திரம் தருவது நூலின் அதிர்வெண்ணை. நெட்டு நிலையில் கவை 64 முறை அதிர்ந்தால் நூல் நிஜமாகவே 32 முறைதான் ஆடுகிறது.

குறுக்கு நிலையில் கவை நூல் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. நூலும் அதே கணக்கில் ஆடும். நெட்டு நிலையில் பக்கவாட்டில் தள்ள எதுவும் கிடையாது. கவை நூலை நீளவாக்கில் இழுத்து இழுத்து விடுகிறது. மாறுவது இழுவிசை மட்டும். நூல் மேலே போய் நடுவுக்குத் திரும்பும்போது இழுவிசை கூட வேண்டும், விலகும்போது குறைய வேண்டும். கீழே போய்த் திரும்பும்போதும் அதேதான். ஆக, நூலின் ஒரு ஆட்டத்துக்குக் கவைக்கு இரண்டு. புளியமரத்து ஊஞ்சலில் நின்று உந்துகிறவரைக் கவனியுங்கள்: இரண்டு ஓரத்திலும் குந்துவார், நடுவில் எழுவார். போகையில் ஒரு தரம், வருகையில் ஒரு தரம்.

இதற்கு 1883-ல் இயற்பியலாளர் ரெய்லி கணக்கு எழுதினார். சீரிசை இயக்கச் சமன்பாட்டில் விறைப்பு மாறிலியே இருமடங்கு அதிர்வெண்ணில் ஏறி இறங்கினால் அது மாத்யூ சமன்பாடு. விறைப்பின் கொசைன் 2θ-வை நூல் ஆட்டத்தின் கொசைன் θ-வால் பெருக்கிப் பாருங்கள்: பாதி கொசைன் θ, பாதி கொசைன் 3θ. அந்த முதல் பாதி நூலின் சொந்த அதிர்வெண்ணிலேயே விழுவதால் வீச்சு அடுக்கேற்றமாக வளர்கிறது. ஆனால் வீச்சு சுழியாக இருந்தால் பெருக்கி என்ன பயன்? நெட்டு நிலையில் நூல் சும்மா நின்றால் விரலால் லேசாகச் சுண்டி விடுங்கள். அப்போதும் அடங்கிப்போனால், ஒன்று எடை பொருந்தவில்லை, இல்லை கவையின் வீச்சு உராய்வை வெல்லப் போதவில்லை.

இனி உங்கள் 58. அநேகமாகத் தட்டின் எடையைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். தட்டு 10 கிராம், எடைக்கல் 30 கிராம் என்று வையுங்கள். தட்டை விட்டால் √(30/40), அதாவது 64-க்குப் பதில் 55 வரும். 90 கிராம் ஏற்றினால் 61. எடை கூடக்கூடப் பிழை சுருங்குவதால்தான் உங்கள் மாறிலி ஏறுகிறது. உராய்வுள்ள கப்பியோ ஈர நூலோ இப்படி ஒழுங்காக ஏற்றிவிடாது.

லூப் அளக்கும்போது இரு கோடியிலும் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். கவை முனை சரியான கணு அல்ல. நடுவில் நாலைந்து லூப்பைச் சேர்த்து அளந்து வகுக்கலாம். நூலை 10 மீட்டராவது வெட்டி நிறுத்தால்தான் ஒரு மீட்டர் நிறை நம்பும்படி இருக்கும்.

ரெக்கார்டைத் திருத்துமுன், எடைக்கல்லைக் கிடையச்சிலும் லூப் நீள வர்க்கத்தை நெட்டச்சிலும் வைத்து வரையுங்கள். கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல், பின்னுக்கு நீட்டினால் கிடையச்சை எதிர்ப்பக்கத்தில் வெட்டும். அந்த வெட்டுத்துண்டு எத்தனை கிராமோ, தராசில் தட்டும் ஏறக்குறைய அத்தனை காட்ட வேண்டும்.