கர்ப்ப காலத்தில் உண்ணி கடித்தால்: ஜெர்மனியின் ஸ்ட்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, ஞாயிறு மாலை காட்டுப் பாதையில் நடந்தீர்கள். திங்கள் காலை முழங்காலுக்குப் பின்னால் எள் அளவில் ஒட்டியிருந்த பூச்சியை உங்கள் வீட்டுக்காரர் பிடுங்கினார், ஒரு கறுப்புப் புள்ளி உள்ளேயே நின்றுவிட்டது. 22ஆவது வாரம், குழந்தைக்கு ஆபத்தா, இன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஓட வேண்டாம். ஆனால் ஆறு வாரம் அந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டும்.

அது உண்ணி, இங்கே ட்செக்கே என்பார்கள். அதனால் வரக்கூடியவை இரண்டு. ஒன்று பொரேலியோஸே, அதாவது லைம் நோய் என்னும் பாக்டீரியா தொற்று. இந்தக் கிருமி உண்ணியின் குடலில் இருக்கிறது, அங்கிருந்து நம் உடம்புக்கு வர நேரம் எடுக்கும். 12 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு, 24 மணி தாண்டினால் கூடும். நீங்கள் சீக்கிரமே எடுத்துவிட்டீர்கள். மற்றது எஃப்எஸ்எம்இ என்னும் மூளைக்காய்ச்சல். அந்த வைரஸ் எச்சிலிலேயே இருப்பதால் கடித்த உடனே பரவலாம். நம் மாநிலமான பாடன்-வுர்ட்டம்பெர்க் அதற்கான ஆபத்துப் பகுதிதான், ஆனாலும் இங்குள்ள பெரும்பாலான உண்ணிகளிடம் அந்த வைரஸ் கிடையாது.

உள்ளே நின்றது தலை இல்லை, வாய்ப்பகுதி. சில நாளில் தானாக வெளியே வந்துவிடும். ஊசியால் தோண்டினால்தான் புண்ணாகும். கிருமிநாசினி தடவி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்து முட்டர்பாஸ் என்னும் கர்ப்பகாலப் பதிவேட்டுக்குள் வையுங்கள்.

முதல் இரண்டு நாளில் கொசுக்கடி போலச் சின்னதாகச் சிவந்து அரித்தால் அது வெறும் ஒவ்வாமை. பயப்பட வேண்டிய தடிப்பு, அதாவது பொரேலியோஸேயின் அடையாளம், 3 நாள் முதல் 4 வாரத்துக்குள் வரும். மெல்லப் பெரிதாகி 5 செ.மீ. தாண்டும், பெரும்பாலும் வலிக்காது. நடுப்பகுதி வெளுத்து வளையமாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். இங்கே காட்டும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கும். நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் போகலாம், பழுப்பாகவோ கருநீலமாகவோ, அடிபட்ட கன்றல் போல இருக்கலாம். அதனால் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், மற்ற காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் கோடிட்டு வைத்தால் மறுநாள் கோட்டைத் தாண்டியதா என்று தெரிந்துவிடும். வயிறு மறைப்பதால் உங்களால் குனிந்து பார்க்க முடியாது, அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும். இடுப்பு மடிப்பு, அக்குள், உள்ளாடைப் பட்டி, காதுக்குப் பின்புறம் எல்லாம் இன்றைக்கே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு உண்ணி ஒட்டியிருக்கலாம்.

தடிப்பு வந்தால் அன்றே ஹவுஸ்ஆர்ஸ்டுக்கு (குடும்ப டாக்டர்) போன் செய்து, உண்ணி கடித்ததையும் கர்ப்பத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பார்த்தே கண்டுபிடிப்பார்கள். அந்தக் கட்டத்தில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் உருவாகியிருக்காது என்பதால் ரத்தப் பரிசோதனை உதவாது. வழக்கமாகத் தருவது அமாக்சிசிலின் என்னும் ஆன்டிபயாடிக், சுமார் 14 நாள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சரியான நேரத்தில் முழுதாகச் சாப்பிட்டால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள், அது குழந்தையின் பற்களைக் கறையாக்கலாம். தடிப்பே இல்லாதபோது டாக்டர் மாத்திரை தர மறுத்தால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். கடி பட்டவர்களில் நோயாவது 100க்கு ஒருவர் அளவில்தான், அதற்காக எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தருவதில்லை.

நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் ஃப்ராவன்ஆர்ஸ்டை (மகப்பேறு டாக்டர்) கூப்பிடுங்கள். இரவு, வார இறுதி என்றால் டாக்டர் சேவை எண் 116117. கழுத்து விறைத்தாலோ, குழப்பம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ அவசர எண் 112. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், டாக்டரைக் கேட்காமல் இபுபுரோஃபென் வேண்டாம்.

அடுத்த முறைக்கு அப்போதேக்கேயில் (மருந்துக் கடை) உண்ணி இடுக்கி வாங்கி வையுங்கள். தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுக்க வேண்டும். நாய்க்கு மண்ணெண்ணெய் தடவுவது போல எண்ணெய், நெயில் பாலிஷ், தீக்குச்சி எதுவும் கூடாது. திணறும் உண்ணி எச்சிலை இன்னும் உள்ளே கக்கும்.

எஃப்எஸ்எம்இ தடுப்பூசி கடித்த பிறகு போட்டால் அந்தக் கடிக்குப் பயனில்லை. உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசிதான் என்றாலும், கர்ப்பத்தில் போடலாமா என்பதை ஃப்ராவன்ஆர்ஸ்டிடம் பேசி முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் ஊசி போடக் காத்திருக்க வேண்டாம், இந்தப் பகுதியில் கிராங்கன்காஸே (மருத்துவக் காப்பீடு) செலவை ஏற்கும்.