வாசகர் கேள்வி – பதில்: மலைநாட்டில் ஓர் ஆலை நகரம்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி குறித்து வந்த கடிதங்களில், கிங்ஸ்போர்ட் நகரைப் பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட் என்னும் ஊரில் இரசாயனப் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அப்பலாச்சியா என்றாலே மூடிய நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும்தான் என்று படித்திருக்கிறேன். சுமார் 55,000 பேர் வாழும் இந்தச் சிறிய நகரம் எதை நம்பிப் பிழைக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சிவகாசி

பதில்: தாங்கள் படித்தது பொய்யன்று. ஆனால் கிழக்குக் கென்டக்கிக்கும் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதிக்கும் பொருந்துகிற அளவுக்கு அது இவ்வூருக்குப் பொருந்தாது. அங்கெல்லாம் நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டு, ரயிலேறி, வேறெங்கோ சென்று பணமாயிற்று. சுரங்க முதலாளியும் பெரும்பாலும் வெளியூர்க்காரராகவே இருந்தார். கிங்ஸ்போர்ட்டோ அந்த நிலக்கரி கடந்துசென்ற வழியில் எழுந்த ஊர். கென்டக்கியின் எல்க்ஹார்ன் சிட்டியிலிருந்து தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் வரை, மலைகளைக் குடைந்து ஏறத்தாழ 445 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட கிளிஞ்ச்ஃபீல்ட் ரயில்பாதை 1915-இல் முழுமையடைந்தது. அதை அமைத்த ஜார்ஜ் கார்ட்டரும், அதற்குப் பணம் திரட்டிய ஜான் டென்னிசும், நிலக்கரிச் சரக்கை மட்டும் நம்பினால் அத்தனை பெரிய செலவு கட்டுப்படியாகாது, வழிநெடுக ஆலைகளும் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

ஆகவே ஆலைகளுக்கென்றே ஒரு நகரத்தைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். நகரமைப்பு வல்லுநர் ஜான் நோலன் வரைபடம் தந்தார். 1917-இல் நகராட்சிக்கான சாசனம் கிடைத்தது. ரயில் நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தால், பிராட் ஸ்ட்ரீட் நேராக ஓடி, தேவாலயங்கள் சூழ்ந்த ஒரு வட்டத்தில் முடிவதை இன்றும் காணலாம். ஒரு முனையில் பிழைப்பு, மறுமுனையில் வழிபாடு, நடுவில் கடைவீதி என்று அந்தத் தெரு ஊரின் மனப்போக்கையே தரையில் வரைந்து காட்டுகிறது. ஆலைகளையும் ஒன்றுக்கொன்று உதவுகிறவையாகத் தேர்ந்தெடுத்து அழைத்தார்கள். காகித ஆலை ஒன்று, நெசவாலை ஒன்று, புத்தக அட்டைக்கான துணியைப் பதப்படுத்தும் ஆலை ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் வாடிக்கையாளராகக் கிங்ஸ்போர்ட் பிரஸ் என்னும் பெரிய அச்சகம் ஒன்று. அச்சகங்களுக்குப் பெயர்போன தங்கள் ஊரிலிருந்து பார்க்கும்போது இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் புரியும் என்று நினைக்கிறேன்.

ஊரின் தலையெழுத்தை நிர்ணயித்தது, ஆனால், 1920-இல் வந்த ஈஸ்ட்மன் நிறுவனம். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த இரசாயனங்கள் நின்றுபோனதால், கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மனுக்குப் புகைப்படச் சுருள் தயாரிக்கத் தேவையான, மரத்திலிருந்து வடிக்கப்படும் மெத்தனால் என்னும் சாராயத்துக்கு நம்பகமான வழி வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் தொடங்கி அரைகுறையாக நின்றிருந்த, மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஆலை ஒன்று இங்கே விற்பனைக்குக் கிடைத்தது. சுற்றிலும் காடு, பக்கத்தில் ஹோல்ஸ்டன் ஆறு, வாசலில் ரயில். மெத்தனாலில் தொடங்கிய ஆலை, பிறகு எளிதில் தீப்பற்றாத புகைப்படச் சுருளுக்கான செல்லுலோஸ் அசிடேட், அசிடேட் நூல், சிகரெட் வடிகட்டிக்கான இழை, பாலியஸ்டர், பிளாஸ்டிக் என்று கிளைவிட்டு வளர்ந்தது. இன்று அதன் தலைமையகமும் மிகப்பெரிய ஆலை வளாகமும் இவ்வூரிலேயே இருக்கின்றன. தங்கள் மகள் சேரப்போவது அங்கேயா என்று தாங்கள் எழுதவில்லை. அங்கில்லாவிட்டாலும் அதன் நிழலில்தான் அவர் வாழ்வார்.

கேள்வி: ஒரு பெரிய நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஊரில் வாழ்பவன் என்ற முறையில் கேட்கிறேன். அந்த நிறுவனம் தளர்ந்தால் ஊர் என்னாகும் என்ற அச்சம் அங்கே இல்லையா?
— வாசகர், நெய்வேலி

பதில்: உண்டு, அது நியாயமான அச்சமும்கூட. நிறுவியவர்கள் பல ஆலைகளைக் கொண்டுவந்ததே ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்பதற்காகத்தான். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. நெசவாலை போயிற்று, அச்சகம் போயிற்று. இரசாயன ஆலை மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிலைத்துவிட்டது.

அது நிலைத்ததற்குக் காரணம், மூலப்பொருளை மாற்றிக்கொள்ளத் தயங்காதது என்பது என் கணிப்பு. எண்ணெய் விலை ஏறிய 1970-களுக்குப் பிறகு, அப்பலாச்சிய நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து, செல்லுலோஸ் அசிடேட் செய்யத் தேவையான அசிடிக் அன்ஹைட்ரைடு என்னும் இரசாயனத்தை எடுக்கும் ஆலையை 1983-இல் இங்கே இயக்கினார்கள். எரித்துத் தீர்க்கப்பட வேண்டிய கரி, அங்கே துணிக்கும் சுருளுக்குமான மூலப்பொருளாயிற்று. 1994-இல் கோடாக்கிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது இன்னொரு திருப்பம். புகைப்படச் சுருளின் காலம் முடிந்து, கோடாக் 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரியபோது, கிங்ஸ்போர்ட் அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியது இதனால்தான். கோடாக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2024-இல், பயன்படுத்தி எறிந்த பாலியஸ்டர் பிளாஸ்டிக்கை மூலக்கூறு அளவில் பிரித்து மறுபடி புதுப்பொருளாக்கும் ஆலையும் இங்கே இயங்கத் தொடங்கியது. அதன் திறன் ஆண்டுக்கு 1,10,000 டன் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. பிளாஸ்டிக்கைப் பிரிக்க அங்கே பயன்படுவதும் மெத்தனால்தான். ஈஸ்ட்மனை இந்த மலைநாட்டுக்கு அழைத்துவந்த அதே பொருள்.

நகரமும் சும்மா இருந்துவிடவில்லை. 2001 முதல், உள்ளூர்ப் பள்ளிகளில் படித்து முடித்த மாணவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தும் திட்டத்தை நகராட்சியும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகமும் சேர்ந்து நடத்தின. நகரின் மையத்தில் உயர்கல்விக் கட்டடங்களையும் எழுப்பினார்கள். 2009-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளி இம்முயற்சிக்கு விருது வழங்கியது. ஆலையைக் காப்பாற்றுவது நகராட்சியின் கையில் இல்லை, ஆனால் பிள்ளைகளின் படிப்பு அதன் கையில் இருக்கிறது. அதை உணர்ந்து செலவு செய்த ஊரை நான் மனமார மதிக்கிறேன்.

கேள்வி: அவ்வூர்த் தொழிலாளர்கள் எப்படிப்பட்டவர்கள்? சங்கங்கள் வலுவாக உள்ளனவா?
— மில் தொழிலாளி, கோவை

பதில்: ஈஸ்ட்மன் ஆலையில் சங்கம் வேரூன்றவே இல்லை. கோடாக் மரபில் வந்த லாபப் பங்கு ஆண்டுதோறும் தொழிலாளர் கைக்கு வந்தது. போனஸ் நாளை எதிர்பார்த்துக் கார் விற்பனையாளர்களும் கடைக்காரர்களும் காத்திருப்பார்கள். தாத்தா, தந்தை, மகன் என்று ஒரே வாயில் வழியாக வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். மலைநாட்டு மக்களுக்கு உறவுப்பற்றும் சொன்ன சொல் காக்கும் இயல்பும் அதிகம். அந்தப் பற்று நிறுவனத்தின் மீதும் படர்ந்தது.

ஆனால் அந்த அமைதிக்கு மறுபக்கமும் உண்டு. கிங்ஸ்போர்ட் பிரஸ் அச்சகத்தில் சங்கங்கள் இருந்தன. 1963-இல் ஐந்து சங்கங்கள் தொடங்கிய வேலைநிறுத்தம், ஆலை புதிய ஆட்களை வைத்து ஓடிக்கொண்டே இருந்ததால், 1967-இல் சங்கங்கள் அங்கீகாரத்தை இழந்ததில் முடிந்தது. நான்கு ஆண்டுகள் வாயிலில் நின்றவர்களும் அவர்களுடைய இடத்தில் உள்ளே போனவர்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதை நினைத்தால், அந்தக் காயத்தின் ஆழம் தங்களுக்கு விளங்கும். 1960 அக்டோபர் 4 அன்று ஈஸ்ட்மனில் அனிலின் என்னும் இரசாயனம் தயாரிக்கும் பிரிவு வெடித்து 16 பேர் இறந்ததையும் மறக்கலாகாது. நல்ல சம்பளம் தந்த ஆலை அபாயத்தையும் சேர்த்தே தந்தது.

கேள்வி: அந்த நிலத்தின் பூர்வகுடிகள் யார்?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: செரோக்கி மக்கள். ஹோல்ஸ்டன் ஆற்றின் நடுவே உள்ள நீண்ட தீவு அவர்களுக்குப் புனிதமான கூடுகையிடம். 1777-இல் அங்கே நடந்த உடன்படிக்கையில் சுற்றுப்புற நிலங்களை விட்டுக்கொடுத்தபோதும் அத்தீவைத் தங்களுக்கென வைத்துக்கொண்டார்கள். 1806-இல் அதுவும் கைவிட்டுப் போயிற்று. பின்னாளில் ஈஸ்ட்மன் ஆலை அந்தத் தீவின் மீதும் பரவியது. 1976-இல் நகராட்சி கிழக்குச் செரோக்கி மக்களிடம் திருப்பித் தந்தது நான்கு ஏக்கருக்கும் குறைவான நிலம். தந்தது நல்ல செயல். தந்த அளவு மிகச் சிறிது.

கேள்வி: அங்கே குடியேறுவோர் அன்றாட வாழ்வில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், சென்னை

பதில்: முதலில் வரி. டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. அதற்கு ஈடாக விற்பனை வரி அதிகம், மளிகைப் பொருளுக்கும் உண்டு. ஊரின் எல்லையைத் தாண்டினால் வர்ஜீனியா. அங்கே வருமான வரி உண்டு, மளிகைக்கு வரி மிகக் குறைவு. வீடு பார்க்கும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது மருத்துவம். வட்டாரத்தின் இரு மருத்துவமனைக் குழுமங்கள் 2018-இல் பாலட் ஹெல்த் என்று ஒன்றாயின. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு கிங்ஸ்போர்ட்டிலிருந்து ஜான்சன் சிட்டிக்கு மாற்றப்பட்டபோது, 2019-இல் மருத்துவமனை வாசலில் மாதக்கணக்கில் மக்கள் போராடினார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியர் எந்தச் சிகிச்சை எந்த ஊரில் கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஜான்சன் சிட்டி, பிரிஸ்டல் இரண்டும் காரில் அரை மணி நேரத் தொலைவு. மூன்று ஊர்களுக்கும் பொதுவாக ஒரு விமான நிலையம் இருக்கிறது.

மற்றபடி, சொந்தக் கார் இல்லாமல் அங்கே காலம் தள்ளுவது கடினம். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஓட்டுநர் உரிமத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.