ஓய்வு பெற்ற அமெரிக்க மரைன் (கடல்வழி சென்று தரையிறங்கிப் போரிடும் படை) வீரர்கள் ஒன்றுகூடினால் உண்மையில் எதைப் பற்றிப் பேசுவார்கள்?

போர்க்களச் சாகசங்களைத்தான் பேசுவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். படைவீரர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே சேமித்து வைப்பதற்காக 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் ஒன்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் உண்டு. அதற்காகச் சில ஆண்டுகள் தன்னார்வலராக நேர்காணல்களைப் பதிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவும் குறைந்தது 30 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒலிவாங்கியின் முன் தனியே உட்கார்ந்து அந்த அரை மணி நேரத்தை நிரப்பத் திணறியவர்களே, பழைய தோழர்களோடு சேர்ந்ததும் பொழுது போவது தெரியாமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேச்சில் பெரும்பகுதி குளிர், பசி, தூக்கம், தண்ணீர், காலணி என்று உடம்பு பட்ட பாட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

எண்பதைக் கடந்த ஒருவர் கொரியப் போரில், வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் இருந்தவர். 1950 நவம்பர் இறுதியில் அங்கே முதலாம் மரைன் டிவிஷனைச் சீனப் படைகள் சூழ்ந்துகொள்ள, அது மலைப்பாதை வழியே போரிட்டுக்கொண்டே ஹுங்நாம் துறைமுகத்தை வந்தடைந்தது. இரவில் குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கியது. இத்தனையையும் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்ட அவர், காலுறைகளைப் பற்றி மட்டும் ஏறத்தாழ இருபது நிமிடம் பேசினார்.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பூட்ஸின் கீழ்ப்பகுதி ரப்பரால் ஆனது. நடக்கும்போது உள்ளே வியர்த்து ஊறும். நின்றால் அந்த ஈரமே பனிக்கட்டியாகி விரல்களைக் கொன்றுவிடும். அதனால் ஈரமான காலுறையைக் கழற்றிச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்து, உடம்புச் சூட்டில் காயவிட்டு, மறுபடி மாட்டிக்கொள்வார்களாம். பேசிக்கொண்டே மேசைத் துணியை இரண்டாக மடித்து வயிற்றில் வைத்து அழுத்திக் காட்டினார். உறைபனி தின்ற விரல்நுனிகளில் அவருக்கு உணர்ச்சி இல்லை என்பதால், துணி கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். போர் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். அது தவறு என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் நாள் தனக்கு உலர்ந்த காலுறை ஒரு ஜோடி கிடைத்தது என்றும், அது பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவனுடையது என்றும், அவனுக்கு அது இனித் தேவைப்படவில்லை என்றும் அதே குரலில் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த தோழர் அந்த நண்பனின் பெயரை முழுமையாக ஒருமுறை உச்சரித்தார். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள், பேச்சு தொடர்ந்தது.

மகிழ்ச்சியும் நிறையவே உண்டு. மோர்ட்டார் (சிறு பீரங்கி) குண்டுகளுக்கு அவர்கள் வைத்திருந்த குறிப்புப்பெயர் 'டூட்ஸி ரோல்' என்றும், அது புரியாத யாரோ அந்தப் பெயர் கொண்ட மிட்டாயையே விமானத்திலிருந்து பெட்டி பெட்டியாகப் போட வைத்துவிட்டார்கள் என்றும் சோசினில் இருந்தவர்கள் சொல்வார்கள். டப்பா உணவெல்லாம் கல்லாக உறைந்து கிடந்தபோது, வாயில் அடக்கினால் இளகும் அந்த மிட்டாய்தான் பல நாள் உயிரைத் தாங்கியது என்று சொல்லும்போது காலுறைக் கதை சொன்ன அந்த முதியவரின் முகம் சிறுவனுடையதாகிவிட்டது.

வியட்நாமில் இருந்தவர்களுக்கு வேறு நினைவுகள். 1968-இல் 77 நாள் முற்றுகையிடப்பட்ட கே சான் படைத்தளத்தில் இருந்தவர்கள் துணியிலும் தோலிலும் ஏறிப் போகவே மறுத்த செம்மண்ணையும், பதுங்குகுழி எலிகளையும் பேசுவார்கள். பயிற்சி முகாமில் வந்து இறங்கிய இரவில் தரையில் வரையப்பட்ட மஞ்சள் காலடித் தடங்களின் மேல் நிற்க வைக்கப்பட்டதை, அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த தலைமுறையினரும் ஒன்றுபோல் நினைவுகூர்வார்கள்.

படை தோன்றிய நாளாக 1775 நவம்பர் 10-ஐ அவர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுவார்கள். கேக்கை வெட்டியதும் சிறப்பு விருந்தினருக்கு முதல் துண்டு. அடுத்தது அங்கிருக்கும் மரைன்களில் மூத்தவருக்கு. அவர் அதை இளையவருக்குக் கொடுப்பார். நான் போயிருந்த ஆண்டு மூத்தவர், சோசினில் இருந்த அந்த முதியவர்தான். தட்டு நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்து, பத்தொன்பது வயதுப் பையனிடம் நீட்டியவர், "பையில் எத்தனை ஜோடி காலுறை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். பையன் விறைப்பாக நின்று, "ஆறு ஜோடி, ஐயா" என்றான். "இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை விட்டார்.