நியூட்டுக்கு ரத்தப்புழு மட்டும் போதுமா?

"என் நியூட் உறைந்த ரத்தப்புழுவைத் தவிர எதையும் தொடுவதில்லை, அதையே தொடரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பதினான்கு மாதங்கள் நானும் அதையேதான் செய்தேன்.

என்னுடையது சிவந்த வயிறுள்ள சீன நியூட், பார்வைக்குப் பல்லி போலிருக்கும் வாலுள்ள சிறு நீருயிர். கொசு போன்ற ஒரு பூச்சியின் இளம்புழுவான ரத்தப்புழு விழுந்த உடனே நீந்தி வந்து அள்ளும். நன்றாகச் சாப்பிடுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒருநாள் பின்னங்கால் வளைந்திருப்பதைக் கண்டேன். சில வாரங்களில் தாடையும் தளர்ந்து, கவ்விய இரையை நழுவவிடத் தொடங்கியது. கால்சியம் போதாமல் எலும்பு மெலிந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

அந்த மருத்துவரைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட பாடு தனிக்கதை. முதலில் போன இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பல்லிக்கெல்லாம் இங்கே வைத்தியம் இல்லை" என்று சிரித்தார்கள். நியூட் பல்லி இல்லை. தவளையைப் போல இருவாழ்வி. அது தெரியாமல் இருப்பதில் தவறில்லை. நோயுற்ற உயிரைச் சுமந்துகொண்டு வந்தவரைப் பார்த்துச் சிரித்ததைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு மண்புழுவுக்கு மாற்றினேன். மண்ணோடு சேர்த்துத் தின்று வளர்வதால் அதில் புரதத்துடன் கால்சியமும் ஓரளவு கிடைக்கிறது. எடுத்த எடுப்பில் என் நியூட் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்து நாள் பட்டினி போட்டேன். கொடுமை என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நன்கு வளர்ந்த நியூட் ஒரு வாரம் உண்ணாமல் இருந்தாலும் தாங்கும், என் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். குட்டிகளிடம் இதை முயலாதீர்கள், அவற்றுக்குத் தினமும் இரை வேண்டும். ஆறாம் நாள், மண்புழுவைச் சிறு துண்டாக நறுக்கி, ரத்தப்புழு உருகிய நீரில் தோய்த்து, முனை மழுங்கிய சாமணத்தால் அதன் மூக்கருகே அசைத்தேன். வாசனைக்கும் அசைவுக்கும் ஏமாந்து கவ்விவிட்டது. உரக்குழியில் வளரும் சிவப்புப் புழுவை வாங்கிவிடாதீர்கள். அது கசியவிடும் மஞ்சள் நீர் பிடிக்காமல் பல நியூட்டுகள் துப்பிவிடும்.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று முறைதான் உணவு. பெரும்பாலும் மண்புழு, இடையிடையே டாஃப்னியா, ஆர்ட்டீமியா என்னும் இறால் போன்ற மிகச்சிறு நீருயிர்கள், கொசுப்புழு. ரத்தப்புழு எப்போதாவது ஒருமுறை. மாட்டிறைச்சி, கோழி எதுவும் கிடையாது. அந்தக் கொழுப்பு அதற்குச் செரிக்காது. கால்சியம் பொடியைத் தூவிக் கொடுக்கலாமே என்பார்கள். நீருக்குள் உண்ணும் நியூட்டுக்குப் பொடி வாயை எட்டுமுன்பே கழுவிப் போய்விடும். மிஞ்சிய துண்டுகளை அன்றே எடுத்துவிடுங்கள், அழுகினால் நீரில் நச்சான அம்மோனியா ஏறும்.

"நான் பத்து வருடமாக ரத்தப்புழுதான் கொடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் வருவார்கள். உங்கள் நியூட் நலமாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. என்னுடையதன் தாடை தேறிவிட்டது, கால் மட்டும் இன்னும் நிமிரவில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் தொட்டி நீரின் வெப்பநிலை என்ன? இந்தச் சீன வகைக்கு 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் எந்தப் புழுவைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலில் அதை அளந்து பாருங்கள்.