விண்டோஸை மீண்டும் நிறுவுவதற்கு முன் வன்தட்டை எப்படிப் பிரிப்பது?

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மேசைக் கணினியில் உள்ள 1 டெராபைட் வன்தட்டு சி, டி, இ, எஃப் என நான்காகப் பிரிந்திருக்கிறது. 80 ஜிபி அளவுள்ள சி எப்போதும் நிரம்பிச் சிவப்பாகவே நிற்கிறது. டி-யில் தாத்தா காலத்துக் குடும்பப் பத்திரங்களின் ஸ்கேன்களும் காவடித் திருவிழாப் படங்களுமாக ஏறக்குறைய 300 ஜிபி இருக்கிறது. விண்டோஸை மீண்டும் நிறுவினால் டி தப்புமா, இம்முறை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்.

சரியான பார்ட்டிஷனை, அதாவது வன்தட்டின் பிரிவை, தேர்ந்தெடுத்தால் டி தப்பும். ஆனால் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரிவதில்லை. பார்ட்டிஷன் 1, 2, 3 என்ற எண்களும் அளவுகளும் வரிசையாக நிற்கும், இடையில் விண்டோஸ் தனக்காக ஒதுக்கிக்கொண்ட 100 எம்பி, 16 எம்பித் துண்டுகளும் கிடக்கும். அங்கே ஒரு வரி தவறி அழுத்தினால் தாத்தாவின் பத்திரங்கள் போய்விடும். அதோடு நான்கு டிரைவ்களும் ஒரே வன்தட்டின் துண்டுகள்தான் என்பதால், வன்தட்டு பழுதானால் நான்கும் சேர்ந்தே போகும். ஆகவே முதலில் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுங்கள். வேறொரு கணினியில் அதைச் செருகிச் சில படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நகல் கையில் இருப்பதால், இருக்கும் பார்ட்டிஷன்களைச் சுருக்கி நகர்த்திச் சீர்செய்யும் மென்பொருள்களை நாட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சி-க்கு இடம் கூட்ட வேண்டுமானால் அதை ஒட்டி வலப்பக்கத்தில் காலியிடம் இருந்தாக வேண்டும். அதற்காக டி-யை நகர்த்தும்போது 300 ஜிபியும் இடம் மாற்றி எழுதப்படுவதால் மணிக்கணக்காகும். நடுவில் மின்சாரம் நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகச் சிக்கிக்கொள்ளும். லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டோடு வாழ்ந்து பழகிய நம் ஊரில், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குவது சில நிமிட வேலை.

இனி அளவு. 1 டெராபைட் என்பது விண்டோஸில் 931 ஜிபி என்றே தெரியும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024-ஆகவும் எண்ணுவதுதான் காரணம், இடம் எங்கும் தொலையவில்லை. இதை நான்காக வெட்டத் தேவையில்லை. ஒன்றில் இடம் தீர்ந்து மற்றொன்றில் வீணாகக் கிடக்கும் நிலைதான் இப்போது உங்களுக்கு நேர்ந்திருக்கிறது. சி-க்கு 200 ஜிபி, மீதம் சுமார் 730 ஜிபி டி-க்கு என இரண்டே போதும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடம் 64 ஜிபிதான் என்றாலும், அப்டேட்களும் மென்பொருள்களும் சேரச் சேர அது போதாமல் போகும். சி-யை முதலில் உருவாக்குங்கள். சுழலும் வன்தட்டில் தொடக்கப் பகுதி வெளி விளிம்பில் அமைவதால் அங்கே வேகம் அதிகம். நிறுவும் திரை அளவை எம்பியில் கேட்கும் என்பதால் 204800 என்று இடுங்கள்.

அளவு கூடினாலும் பழக்கம் மாறாவிட்டால் சி மீண்டும் நிரம்பும். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகள் எல்லாம் இயல்பாகச் சி-யில்தான் இருக்கின்றன. நிறுவி முடித்த அன்றே டி-யில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை உருவாக்கி, பழையதன் மேல் வலது பொத்தானை அழுத்திப் பண்புகளில் உள்ள இருப்பிடத்தைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள். கோப்புறைக்குப் பதிலாக டி-யின் வேரையே, அதாவது எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமல் டி டிரைவையே, காட்டிவிடாதீர்கள். பிறகு அதைத் திருப்புவது பெரும் தொல்லை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதி உள்ளதா என்று பார்த்து விண்டோஸ் 11-ஐயே நிறுவுங்கள். அதற்குக் கணினியைத் தொடங்கும் புதிய முறையான யுஇஎஃப்ஐ-யும், வன்தட்டுப் பிரிவுகளைக் குறித்துவைக்கும் புதிய அமைப்பான ஜிபிடி-யும் வேண்டும். பழைய வன்தட்டு, ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் அமைப்பில் இருந்தாலும் கவலை வேண்டாம். விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியிலிருந்து கணினியை யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கி எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டால் நிறுவும் மென்பொருளே ஜிபிடியாக மாற்றிக்கொள்ளும். அலமாரியில் உள்ள நகலை, படங்கள் டி-க்குத் திரும்பிய பிறகும் அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.