மூன்று மாத நோட்டீஸ் முடியும் முன்பே கல்லூரி வேலையிலிருந்து விலக முடியுமா?

கேட்டிருப்பவர் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஒரு மாதத்துக்குள் வேறு வேலையில் சேர வேண்டும். நியமன ஆணை மூன்று மாத நோட்டீஸ் கேட்கிறது. அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தின் பீரோவில் இருக்கின்றன. நானும் இயந்திரவியல் துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்து, செமஸ்டர் நடுவே ஓசூரில் ஒரு நிறுவனத்துக்குப் போனவன். அதனால் எழுதுகிறேன்.

விலகலாம். வேலை செய்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவரைப் பிடித்து உட்கார வைக்காது. ஒருவரின் தனித் தகுதியை நம்பிய ஒப்பந்தங்களை அப்படி நிறைவேற்றச் சொல்ல முடியாது என்று 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலேயே இருக்கிறது. கல்லூரி கேட்கக்கூடியது பணம்தான். அதிலும் ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு.

இதைப் படித்த வேகத்தில் தாளாளர் அறைக்குப் போய்ச் சட்டம் பேசிவிடாதீர்கள். அங்கே அது எடுபடாது. முதலில் போக வேண்டிய இடம் துறைத்தலைவரின் மேசை. என் துறைத்தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “போவதென்றால் போங்கள் தம்பி, இன்டர்னல் மதிப்பெண் யார் போடுவது?” அவருக்கு என்மேல் கோபமில்லை. மீதி யூனிட்டுகளை யார் நடத்துவது, செய்முறைத் தேர்வு வந்தால் ஆய்வகத்துக்கு யார் பொறுப்பு என்ற கவலைதான். அதைத் தீர்த்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. என் வகுப்புகளை ஏற்க ஒரு சக ஆசிரியரிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். அதுவரையிலான வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் ஏற்றிவிட்டு, கோர்ஸ் ஃபைலை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். என் கடிதத்தின் மேல் “மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது, விடுவிக்கலாம்” என்று அவர் எழுதிய வரி, எந்தச் சட்டப் பிரிவையும்விட முதல்வரிடம் செல்லுபடியானது.

கல்லூரிக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நூலகம், விடுதி, பேருந்து, கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு கட்டமாகக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் மெட்ராலஜி (அளவியல்) ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர். ஆய்வக உதவியாளர் வெர்னியர் காலிப்பர்களை வரிசையாக வைத்து எண்ணினார். பிறகு 87 துண்டுகள் கொண்ட ஸ்லிப் கேஜ் (துல்லியமாக அளக்க உதவும் வழுவழுப்பான உலோகத் துண்டுகள்) பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து வைத்தார். ஒரு துண்டு காணவில்லை என்றதும் வயிற்றைக் கலக்கியது. இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்லிப் கேஜின் குணமே அதுதான். கடைசி நாளில் இதையெல்லாம் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது பணம். மீதி நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தைக் கட்டச் சொல்வார்கள். கணக்கு மொத்தச் சம்பளத்திலா, அடிப்படைச் சம்பளத்திலா என்று நியமன ஆணையைப் பிரித்துப் படித்த பிறகே பேசுங்கள். ஆணையில் தெளிவில்லை என்றால் அலுவலகம் பெரிய தொகையைத்தான் சொல்லும். நீங்கள் சிறிய தொகையைச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது முடியும். கல்லூரியே உங்களுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கிற இடத்தில், கட்டியதே இல்லை என்று நாளைக்குச் சொல்லவும் தயங்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சான்றிதழ்கள். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருளல்ல, அதை ஈடாகப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆனாலும் பீரோ சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. “பணம் கட்டுங்கள், இரண்டு நாளில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம், பணியிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் ஆர்டர், சான்றிதழ்கள் மூன்றும் ஒரே நாளில், ஒரே மேசையில் கைமாற வேண்டும். சேரும்போது ஒப்படைத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி முதுநிலைப் பட்டம் வரை எண்ணி வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், எண்ணுவதற்காகத்தான் பட்டியல். அப்போதும் தர மறுத்தால் மட்டும் வழக்கறிஞர் நோட்டீஸ். பெரும்பாலும் அந்த ஒரு தாளே போதும், நீதிமன்றம் வரை போக எந்த நிர்வாகமும் விரும்பாது.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒழுக்கம் பற்றி நான் பேசவில்லை. நின்றுவிட்டால் உங்கள் பெயர் அவர்கள் ஆசிரியர் பட்டியலிலேயே கிடக்கும், அங்கீகாரக் கணக்கில் காட்ட அவர்களுக்கும் அது வசதி. ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கும். அப்படியொரு பட்டியலில் உங்கள் பெயர் மாட்டினால், நீங்கள் அங்கே இல்லை என்று காட்டத் தேதி போட்ட ரிலீவிங் ஆர்டர்தான் கைகொடுக்கும். ஏஐசிடிஇ தளத்திலும் உங்களை விடுவித்துவிட்டார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வேறு கல்லூரியில் சேர்வதாக இருந்தால் இது இன்னும் அவசியம்.

ஐந்து ஆண்டு முடித்திருந்தால் பணிக்கொடை (கிராஜுட்டி) உண்டு. “ஆசிரியருக்கெல்லாம் கிடையாது” என்று அலுவலகத்தில் சொன்னால் நம்பாதீர்கள். பணிக்கொடைச் சட்டத்தின் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 1997 ஏப்ரல் 3ஆம் தேதி முதல் ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 30,000 ரூபாய், ஆறு ஆண்டுப் பணி என்றால், 30,000-ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 6ஆலும் பெருக்குங்கள்: 1,03,846 ரூபாய். நோட்டீஸ் முடிக்கவில்லை என்ற காரணத்துக்காக இதை மறுக்க முடியாது. நோட்டீஸ் பணத்தைக் கட்டிய கையோடு இதற்கும் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால், வெளியேறிய தேதியை அவர்கள் பதிவு செய்யும்வரை கெஞ்ச வேண்டியதில்லை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் எனும் நம் வைப்பு நிதி எண்ணைக் கொண்டு அதன் தளத்தில் நாமே பதிவு செய்துகொள்ளலாம். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் மட்டும் செயல்பாட்டில் இருக்க வேண்டும்.