கையெழுத்துப் போடாதவர்கள்

அன்புள்ள ஐயா,

பி.காம் முடித்தேன். பார்த்த வேலை போய்விட்டது. இப்போது அப்பாவோடு சேர்ந்து நிலத் தரகில் இறங்கியிருக்கிறேன். 'புரோக்கருக்கு யாரும் பெண் தர மாட்டார்கள்' என்று அம்மா அழுகிறார். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) லைசென்ஸ் வாங்கினால் மதிப்பு வருமா? அதற்குத் தேர்வு உண்டா? முதல் பேரம் கைக்கு வந்திருக்கிறது. அண்ணன் தம்பி மூன்று பேர், இறந்துபோன தங்கள் அப்பா வாங்கிப்போட்ட இரண்டு ஏக்கர் தோட்டத்தை விற்கிறார்கள். ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. உங்கள் வாழ்த்து வேண்டும்.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

கல்யாணக் கவலையை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். லைசென்ஸ் விஷயம் சுலபம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, ரெராவில் பதிவான மனைகளையோ அடுக்குமாடி வீடுகளையோ விற்றுக்கொடுப்பவர் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். அந்தப் பிரிவு தேர்வு எதுவும் கேட்கவில்லை. மகாராஷ்டிரம் 2023-இல் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. பதிந்துகொள்ளுங்கள், நல்லதுதான்.

ஆனால் உங்கள் முதல் பேரத்துக்கு அந்தப் பதிவு தேவையே இல்லை. மனை போடாமல் தோட்டம் தோட்டமாகவே கைமாறினால் ரெரா அந்தப் பக்கம் வராது. அங்கே கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள்தான். அண்ணன் தம்பி மூன்று பேர் என்று எழுதினீர்களே, அவர்களுக்கு அக்கா தங்கை உண்டா? அம்மா இருக்கிறாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

என் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கிணற்றுத் தோட்டம் ஒன்று தேனிப் பக்கம் இருந்தது. உயில் எழுதாமலே போய்விட்டார். மாமாக்கள் விலை பேசினார்கள். பேரத்தை முடிக்க வந்த தரகர் என் அம்மாவிடமும் சித்தியிடமும் வந்து உட்கார்ந்து, "பங்குன்னு வாயெடுத்தா நாளைக்கு உங்க பொண்ணுகளுக்கு மாமன் சீர் யாரு கொண்டுவருவா?" என்றார். மிரட்டல் மாதிரியே இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அம்மா வாயே திறக்கவில்லை. ஆளுக்கொரு பட்டுப்புடவை வந்தது. தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டார். அந்தப் புடவையை அம்மா கட்டி நான் பார்த்ததில்லை.

பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது, மத்திய அரசு 2005-இல் கொண்டுவந்தது. இதைச் சொல்லிவிட்டு, "இது அப்பாவோட சுயசம்பாத்தியம்ங்க, பொம்பளப் பிள்ளைகளுக்கு வராது" என்று சாதிக்கிற ஆட்களை இன்றும் பத்திர ஆபீஸ் வாசலில் பார்க்கலாம். தவறு. இந்துக் குடும்பத்தில் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இது 1956-இலிருந்தே சட்டம். நகை போட்டு அனுப்பியாயிற்று, சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் அந்தப் பங்கைக் கழிக்காது.

ஈசி சுத்தமாம்! பதிவான பத்திரம்தானே அதில் வரும்? கையெழுத்தே போடாத தங்கை அதில் எப்படி வருவாள்? பட்டா மூன்று பேர் பெயருக்கு மாறியிருக்கிறது என்பார்கள். பட்டா மாறியதால் அவளுடைய உரிமை போய்விடாது. இன்னும் சில வருடம் கழித்து அவளோ அவள் பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கியவர் கோர்ட்டுக்கு அலைவார். நீங்கள் அப்போது வேறு பேரத்தில் இருப்பீர்கள்.

உங்கள் மேல் வெறுப்பில்லை தம்பி. அந்த வயதில் முதல் கமிஷன் எவ்வளவு பெரிய பணம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். டோக்கன் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பெண்கள் இருந்தால் அண்ணன்மார் இல்லாத நேரத்தில் போய்ப் பேசுங்கள். அவர்களும் விற்கச் சம்மதித்தால் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும், பணத்தில் பங்கு வாங்கட்டும். பங்கு வேண்டாம் என்று மனதாரச் சொன்னால், அதை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகட்டும். அண்ணன்மார் இதற்கு முறைத்தால் பேரத்தை விட்டுவிட்டு வாருங்கள். வாழ்த்தை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.